நாலாம் படிக்குள் ஒரு ஸ்வெட்டர்

இந்த நவராத்திரியில் எங்கள் வீட்டுக் கொலுப் பொம்மை ஒன்று பாட்டுக்குத் தலையாட்டியது. காற்று இல்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. பாடியவர் விசாலம் மாமி.

பவானிப்பூரில் தமிழ் பேசுகிற வீடுகள் அத்தனையிலும் இப்போது இதுதான் பேச்சு. மாமி போகிற இடமெல்லாம் சுண்டலைக் கையில் வாங்கிக்கொண்டு, "ஜானகி ஆத்துல அம்பாள் என் பாட்டுக்குத் தலையாட்டினா, தெரியுமோ?" என்று ஆரம்பித்துவிடுகிறாள். ஆடியது அம்பாள் இல்லை, தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை. ஆனால் இந்த மாதிரி விஷயத்தில் மாமியை யார் திருத்துவது?

பொம்மை ஏன் ஆடிற்று என்பது எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரருக்குத் தெரியும். இன்றைக்கு உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன் — ஒரே ஒரு நிபந்தனை. விசாலம் மாமி பத்திரிகையை விலை கொடுத்து வாங்குகிற வழக்கம் இல்லை. இரவல்தான். இந்த ஒரு வாரம் மட்டும் யாரும் அவளுக்கு இரவல் கொடுக்காமல் இருந்தால் உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு ஸ்வெட்டர். கமலத்துக்கு நான் பின்னித் தருவதாகச் சொன்ன பச்சை ஸ்வெட்டர்.

கமலம் அடுத்த தெருவில் இருந்தாள். 'இருந்தாள்' என்று எழுதும்போதே எனக்கு என்னவோ செய்கிறது... நாங்கள் இரண்டு பேரும் ஒரே வருஷம் கல்யாணமாகிக் கல்கத்தா வந்தவர்கள். மீன் மார்க்கெட் வழியாக மூக்கைப் பொத்திக்கொண்டு ஒன்றாக ஓடியவர்கள். பால்காரனிடம் தப்புத் தப்பாக வங்காளி பேசி, அவன் சிரித்ததற்குக் கோபித்துக்கொண்டு, அந்தக் கோபத்திலேயே பாஷையைக் கற்றுக்கொண்டவர்கள். எங்கள் வீட்டில் கறிவேப்பிலை இல்லை என்றால் எனக்கு முன்னால் அவளுக்குத் தெரியும்.

அவள் வீட்டுக்காரருடைய ஆபீஸ் டில்லிக்குப் போகிறது. சர்க்காரே டில்லிக்குப் போன பிறகு ஆபீஸ்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டுதானே இருக்கின்றன? பூஜை லீவு முடிந்ததும் அங்கே போய் வேலையில் சேர வேண்டும். விஜயதசமி நல்ல நாள், அன்று சாயங்காலம் ஹௌராவில் ரயில் ஏறுவதென்று முடிவு செய்துவிட்டார்கள்.

ஊர் மாறுவது பெரிதில்லை. கமலத்துக்கு இழுப்பு உண்டு. கல்கத்தாக் குளிருக்கே மார்கழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவாள். டில்லிக் குளிர் எலும்பைத் துளைக்கும் என்கிறார்கள். "மார்புக்குக் குளிர் படக் கூடாது, பட்டால் ஆபத்து" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அவள் என்னிடம் வந்தாள்.

"ஏண்டி ஜானு, எனக்கு ஒரு ஸ்வெட்டர் போட்டுத் தரயா?"

"கடைல நன்னாவே கிடைக்கறதேடி..."

"கடைல இருக்கறதெல்லாம் தலை வழியா மாட்டற ஸ்வெட்டர். என் கொண்டை என்னத்துக்கு ஆறது? அதோட, கடைல வாங்கறதா இருந்தா உன்னை எதுக்குடி கேக்கறேன்?"

ஒப்புக்கொண்டேன். ஒன்பது கஜப் புடவைக்கு மேலே போட்டுக்கொள்ளும்படி, முன்பக்கம் திறந்து, பொத்தான் வைத்து, முழுக்கை ஸ்வெட்டர். இப்படி ஒரு வஸ்து எந்த வெள்ளைக்காரிப் புஸ்தகத்திலும் கிடையாது. நானாகக் கணக்குப் போட்டு ஆரம்பித்தேன். சாஹேப் மார்க்கெட்டுக்கு டிராம் ஏறிப் போய்க் கிளிப்பச்சைக் கம்பளி நூல் வாங்கினேன். அந்தப் பச்சையில் அவ்வளவுதான் இருந்தது, இனி வராது என்று கடைக்காரன் சொன்னான்.

ஆடியில் ஆரம்பித்தது. ஆவணி முடிவதற்குள் முதுகு, முன்பக்கம் இரண்டு, ஒரு கை — எல்லாம் ஆகிவிட்டது. பாக்கி ஒரே ஒரு கை. ஒரு கை என்பது என்ன பிரமாதம்? இரண்டு நாள் வேலை.

இரண்டு நாள் வேலைதானே என்று எடுத்து வைத்தேன். அங்கேதான் வந்தது வினை.

வாசகிகளே, என்னைப் பற்றி உங்களிடம் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. என் வீட்டில் முடிந்த காரியம் என்று ஒன்றைக் காட்டுவது கஷ்டம். யுத்த சமயத்தில் துரைசானிகள் ஒரு கமிட்டி வைத்து, சிப்பாய்களுக்குக் காலுறை பின்னச் சொல்லிக் காக்கி நூல் கொடுத்தார்கள். நானும் வாங்கினேன். ஒரு காலுக்குப் பின்னினேன். யுத்தம் முடிந்துவிட்டது. காலுறை முடியவில்லை.

அப்புறம் சுதேசி அலை அடித்தது. ராட்டை வாங்கினேன் — அவருடைய சர்க்கார் சம்பளத்தில்! என் கையால் நூற்ற நூலில் எனக்கு ஒரு புடவை என்று சங்கல்பம். நூல் ஓரிடத்தில் தலைமயிர் மாதிரி, ஓரிடத்தில் தாம்புக்கயிறு மாதிரி வந்தது. சரி, புடவை வேண்டாம், அவருக்கு ஒரு துண்டு நெய்யலாம் என்று சின்னத் தறி ஒன்று வாங்கினேன். சாணும் அரைச்சாணுமாக நெய்திருக்கிறேன். அதை அவர் கைக்குட்டை என்கிறார்.

கீழ் வீட்டில் பௌதி. பௌதி என்றால் வங்காளியில் அண்ணி. எனக்கு அவள் அண்ணியும் இல்லை, நான் நாத்தனாரும் இல்லை. இந்த ஊரில் பக்கத்து வீட்டுக்காரி எல்லாரும் யாருக்காவது அண்ணிதான். அவள் பழைய புடவைகளை அடுக்கி வைத்துக் கந்தா என்கிற விரிப்புத் தைப்பாள். மெத்தென்று, அத்தனை அழகாக. எனக்கும் சொல்லிக் கொடுத்தாள். நடுவில் மீன் போட வேண்டுமாம், மங்களமாம். நானும் மீன் போட்டேன். தலை வரைக்கும் வந்த சமயம் விசாலம் மாமி வந்து பார்த்துவிட்டு, "ஏண்டி, உங்காத்துல மீன் வேற நுழைஞ்சாச்சா?" என்றாள். உடல் வரவில்லை. தலையோடு நிற்கிறது.

என் அண்ணா பெண்ணுக்கு ஒரு பட்டுப் பாவாடை தைத்தேன். நாடா கோக்க வேண்டியதுதான் பாக்கி. அவளுக்குப் போன மாதம் வளைகாப்பு.

"ஒண்ணை முடிச்சுட்டு இன்னொண்ணை எடுத்தா என்ன?" என்று அவர் கேட்காத நாள் இல்லை. ஆண்களுக்கு இது புரியாது. ராட்டை சுற்றினால் தோள் வலிக்கும். தோள் வலித்தால் பின்னலை எடுப்பேன். பின்னினால் விரல் மரத்துப்போகும். உடனே மெஷினில் உட்காருவேன், கால் வேலை. கால் ஓய்ந்தால் கந்தா. எனக்கு ஒவ்வொரு வேலையும் இன்னொரு வேலையிலிருந்து கிடைக்கிற ஓய்வு. ஆபீசில் அவர் மேஜைமேல் ஒரே ஒரு ஃபைல்தான் இருக்கிறதாக்கும்?

போகட்டும். கொலுவுக்கு வருகிறேன்.

வருஷா வருஷம் ஐந்து படி வைப்போம். இந்த வருஷம் கமலம் நம்மோடு இருக்கிற கடைசி நவராத்திரி, ஏழு படி வைக்க வேண்டும் என்றேன். ஏழு படிக்குப் பெட்டிக்கு எங்கே போவது? வீட்டிலுள்ள டிரங்குப் பெட்டி, மண்ணெண்ணெய் டின் வந்த மரப்பெட்டி, அவருடைய பழைய புஸ்தகப் பெட்டி எல்லாவற்றையும் அடுக்கி, மேலே பலகை போட்டு, பலகைமேல் வெள்ளை வேஷ்டி விரித்தோம். மேல் படியில் மரப்பாச்சி, ஊரிலிருந்து கொண்டுவந்த செட்டியார் தம்பதி. நடுவில் கிருஷ்ணநகர் மண் பொம்மைகள் — மீன்காரி உட்பட. கொலுவில் மீன்காரி இருக்கலாம், கந்தாவில் மீன் இருக்கக் கூடாதாம்!

கொலு என்றால் ஊரே வீட்டுக்குள் வந்து போகும். அரைகுறைத் துணியும் நூலும் கூடம் முழுக்கக் கிடந்தால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? படி கட்டுவதற்கு முன்னால், கண்ணில் பட்ட பாதி வேலைகளையெல்லாம் வாரி வாரி டிரங்குப் பெட்டியில் திணித்தேன். மூடினேன். அந்தப் பெட்டி நாலாம் படியாயிற்று. என் மானம் காப்பாற்றப்பட்டது.

ஏழு நாள் சுண்டலும் வெற்றிலை பாக்குமாகப் போயிற்று. அஷ்டமியன்று மத்தியானம்தான், சரி, அந்தக் கையை உட்கார்ந்து முடித்துவிடலாம் என்று மெஷின் பக்கத்தில் தொங்கும் துணிப்பையை எடுத்தேன்.

பையில் ஸ்வெட்டர் இல்லை. பழைய பொத்தான் இரண்டுதான் இருந்தது.

அலமாரியைக் கவிழ்த்தேன். படுக்கையை உதறினேன். அரிசிப் பீப்பாயைக்கூடத் திறந்து பார்த்தேன். அப்புறம் மெதுவாகத் திரும்பிக் கொலுவைப் பார்த்தேன்...

நாலாம் படி! மீன்காரி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏன்னா, இங்க கொஞ்சம் வாங்கோளேன்" என்றேன். என் குரலைக் கேட்டே அவர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டார்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அதிலேதான் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"படியைக் கலைச்சு எடுத்துடலாமே" என்றார்.

"நன்னாச் சொன்னேள்! நடு நவராத்திரில கொலுவைக் கலைக்கறதா? அதுவும் யாருக்காக? பிரயாணம் கிளம்பறவளுக்காக. அவ காதுல விழுந்தா ஸ்வெட்டரைத் தொடக்கூட மாட்டா."

நிஜம்தான். கமலத்துக்குச் சகுனம், சாஸ்திரம் எல்லாம் உயிர். விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைத்த பிறகுதான் கொலுவில் கை வைக்கலாம். அவள் ரயிலோ அன்று சாயங்காலமே போய்விடும். நடுவில் சரஸ்வதி பூஜை. அன்று ஊசி, கத்தரிக்கோல் எதையும் தொடக் கூடாது. வேறு நூல் வாங்கி வேறு ஸ்வெட்டர் போடலாம் என்றால், பூஜைக்குக் கடை முழுக்க மூடிக் கிடக்கிறது. ஆபீசைத் திறக்க வைத்தாலும் வைக்கலாம், பூஜை சமயத்தில் கல்கத்தாவில் ஒரு கடையைத் திறக்க வைக்க முடியாது.

அவர் கொலுவைச் சுற்றி நடந்தார். பின்னால் போய், சுவருக்கும் படிக்கும் நடுவில் இருந்த இடுக்கில் தலையை விட்டுப் பார்த்தார்.

"பெட்டியோட கீல் இந்தப் பக்கம்தான் இருக்கு. திருப்புளி இருந்தாக் கழட்டிடலாம்" என்றார்.

எனக்கு என் வீட்டுக்காரர்மேல் அப்படி ஒரு பிரியம் எப்போது கடைசியாக வந்தது என்று ஞாபகமில்லை.

வீட்டில் திருப்புளி இல்லை. கீழே பௌதி வீட்டில் கேட்டு வாங்கி வந்து, நெம்புவதற்கு அப்பளக் குழவியும் எடுத்துக்கொண்டு அவர் படிக்குப் பின்னால் நுழைந்ததும் வாசலில் குரல் கேட்டது. விசாலம் மாமி. அவள் பின்னால் கமலம்!

"ஆத்துக்காரர் இல்லையோடி?" என்று கேட்டுக்கொண்டே மாமி பாயில் உட்கார்ந்தாள்.

"வெளில போயிருக்கார்" என்றேன். வெளியில்தான் போயிருந்தார். கொலுவுக்கு வெளியில், பின்புறம், முழங்காலைக் கட்டிக்கொண்டு.

கமலம் எனக்கு எதிரே உட்கார்ந்தாள். முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது. மூட்டை கட்டும் வேலையில் தூசி பட்டு, முந்தின நாள் இழுத்துவிட்டதாம்.

"ஸ்வெட்டர் ஆச்சாடி?" என்றாள்.

"ஆச்சு... ஒரு கைதான் பாக்கி."

"ஆவணிலயும் இதையேதானே சொன்னே?"

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஊரில் யாருக்கு வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் நான் முடிக்காமல் இருக்கலாம். இவள் மூச்சு முட்டுகிறவள். இவளுக்குமா?

மாமி பாட ஆரம்பித்தாள். கீல் கழலுகிற சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. கீல் கழன்றால் போதுமா? மூடிமேல் பலகை, பலகைமேல் பொம்மைகள். அவர் கையிலிருந்த அப்பளக் குழவியை இடுக்கில் கொடுத்து மூடியை நெம்பினார். நாலாம் படி லேசாக எழும்பியது. அதன்மேல் நின்ற தலையாட்டிப் பொம்மை ஆட ஆரம்பித்தது.

மாமி பாட்டை நிறுத்திவிட்டாள். "பாருங்கோடி! அம்பாளே தலையாட்டறா!"

"ஆமாம் மாமி, நிறுத்தாதீங்கோ, பாடுங்கோ" என்றேன்.

நிறுத்துவாளா மாமி? அடுத்தடுத்துப் பாடினாள். பின்னால் நெம்ப நெம்ப, முன்னால் பொம்மை தாளம் தப்பாமல் ஆடியது. மாமியின் கண்ணில் ஜலம். என் கண்ணிலும்தான். கமலம் மட்டும் படியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் சுண்டல் வாங்கிக்கொண்டு போன பிறகு ஓடிப் பின்னால் போனேன். மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் கை நுழைகிற அளவு வழி. அதில் கையை விட்டு ஒவ்வொன்றாக இழுத்து வெளியில் போட்டிருந்தார். காக்கிக் காலுறை. பாவாடை. தலையோடு நின்ற மீன்.

"இதுவா? ... இதுவா? ... ஜானு, இது என்னது?"

"அது ரவிக்கை."

"யாருக்கு?"

"இப்ப அது முக்கியமா?"

கடைசியில் பச்சையாக ஒரு நுனி தெரிந்தது. பிடித்த பிடியில் இழுத்தார். ஸ்வெட்டர் வந்தது, ஊசியோடு. ஆனால் நூல் உருண்டை வரவில்லை. பெட்டியின் மூலைக்கு உருண்டு போய், அந்த இடுக்கில் நுழையாத பருமனோடு உட்கார்ந்துகொண்டது. இன்னும் நெம்பினால் செட்டியார் தம்பதி கீழே வருவார்கள்.

உருண்டை உள்ளேயே இருக்கட்டும், நூல் மட்டும் வந்தால் போதாதா? நான் அங்கேயே, கொலுவுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்து பின்ன ஆரம்பித்தேன். தோளிலிருந்து கீழ்நோக்கிப் பின்னுகிற கை. அம்பாளின் முதுகுப் புறம், சிலந்திக்கூடு, புழுக்கம். நூலை இழுக்கும்போதெல்லாம் உருண்டை உள்ளே எதிலாவது சிக்கிக்கொள்ளும். அவர் மறுபடி கையை விட்டுத் துழாவி விடுவார். அஷ்டமி முடிவதற்குள் நாலு விரல் நீளம் வந்தது.

மறுநாள் சரஸ்வதி பூஜை. அவருடைய பேனா, புஸ்தகங்கள், என் ராட்டை, தக்ளி, தறி, மெஷின், கத்தரிக்கோல், கந்தா ஊசி எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்தோம். பின்னல் ஊசிக்கு, அது ஸ்வெட்டரில் இருந்தபடியே, நூலும் படிக்குப் பின்னால் போகிறபடியே, பொட்டு வைத்தேன். கை துடிக்கிறது. தொட முடியாது. நமக்கு வித்தை கொடுத்த தெய்வத்தின் பூஜையன்று வித்தையை மட்டும் காட்டக் கூடாது, என்ன நியாயமோ!

விஜயதசமி விடிந்தது. இன்றைக்குத் தொடலாம். தொடலாம் என்ன, தொட்டே ஆக வேண்டும். பூஜையில் வைத்த ஒவ்வொன்றையும் எடுத்து, அதில் கொஞ்சமாவது வேலை தொடங்க வேண்டும் அல்லவா? அவர் பேனாவை எடுத்து ஒரு கையெழுத்துப் போட்டார். தீர்ந்தது.

நான்?

ராட்டையில் புதிதாக ஒரு திரி மாட்டி நூல் விட்டேன். மெஷினில் எதைத் தைப்பது? பாவாடை, ரவிக்கை எல்லாம் படிக்குள் திரும்பிப் போய்விட்டன. அவர்தான் அஷ்டமியன்றே எல்லாவற்றையும் பழையபடி உள்ளே திணித்துவிட்டாரே. ஆகையால் ஒரு புது மல்துணியை வெட்டிப் புதிதாக ஒன்று ஆரம்பித்தேன். கந்தா ஊசிக்கும் அப்படியே. பழைய புடவை இரண்டை அடுக்கி, ஓரத்தில் புதிதாக ஒரு வரி ஓட்டினேன்.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஜானு, வருஷா வருஷம் இப்படித்தானா?"

"எப்படி?"

"பழசையெல்லாம் படிக்குள்ள பூட்டிடறே. அப்புறம் விஜயதசமிக்கு எல்லாத்துலயும் புதுசா ஆரம்பிக்கறே. அதான் இவ்வளவு சேர்ந்துண்டே போறது!"

இத்தனை வருஷம் என் சுபாவம் என்று நினைத்துக்கொண்டிருந்தது, பாதிக்குப் பாதி சம்பிரதாயம்! நீங்களே யோசித்துப் பாருங்கள். குழந்தைக்கு அட்சராப்பியாசமா, பாட்டா, வீணையா, கணக்கா — ஆரம்பிப்பதற்கு நமக்கு ஒரு பண்டிகை இருக்கிறது. முடிப்பதற்கு ஒன்று இருக்கிறதா? ஒரு பூஜை, ஒரு பாயசம், ஒரு சுண்டல்? நம் பெரியவர்கள் அதற்கு ஒரு நாளும் ஒதுக்காமல் போனதற்கு நான் என்ன செய்வேன்?

இதைச் சொல்லிக்கொண்டே கொலுவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து பின்னினேன். கீழேயிருந்து பௌதி தட்டில் சிந்தூரத்தோடு வந்தாள். டாக்குரியாவில் பிறந்தகத்துப் பூஜைக்குப் போய்விட்டு அன்றைக்குத்தான் ரயிலில் திரும்பியிருந்தாள். கூடத்தில் தேடினாள், சமையலறையில் தேடினாள், கடைசியில் படிக்குப் பின்னால் என் காலைப் பார்த்துவிட்டாள்.

"ஓ மா! தேவி முன்னால் இருக்கிறாள், நீ பின்னால் என்ன செய்கிறாய்?" என்றாள் வங்காளியில்.

சொன்னேன். மூக்கின்மேல் விரலை வைத்தாள்.

"நாங்கள் இன்றைக்கு மா துர்க்கையைக் கங்கையில் விட்டு எல்லாவற்றையும் முடிக்கிறோம். நீங்கள் இன்றைக்குத்தான் எல்லாவற்றையும் ஆரம்பிக்கிறீர்களா?"

ஒரே தேவி, ஒரே நாள்! சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் என் நெற்றியிலும் வகிட்டிலும் சிந்தூரத்தை அப்பினாள், கொஞ்சம் ஸ்வெட்டரிலும் அப்பினாள். கிளிப்பச்சையில் சிவப்பு. கிளி மூக்கு மாதிரி இருந்தது.

பின்னினேன், பின்னினேன். வாசலில் குதிரை வண்டிச் சத்தம் கேட்டபோது கை முழங்கை வரைக்கும்தான் வந்திருந்தது. மணிக்கட்டுக்குப் போக இன்னும் ஒரு நாளாவது வேண்டும். அவர் கத்தரிக்கோலை நீட்டினார். நூலை வெட்டினேன். உருண்டை படிக்குள்ளேயே தங்கிவிட்டது. ஊசி மாட்டியபடியே ஸ்வெட்டரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினேன்.

ஹௌராவுக்குப் போகும் வழியெல்லாம் தாரை தப்பட்டை, ஊர்வலம், கங்கைக்குப் போகிற துர்க்கைகள். வண்டி நகரவில்லை. ரயில் போய்விட்டால்? மடியில் இருக்கிற அரைக்கை ஸ்வெட்டரை நான் என்ன செய்வேன்? இதைக்கூட அவளிடம் சேர்க்க முடியாமல் போனால் என்னை நானே மன்னிக்க மாட்டேன் என்று தோன்றிற்று. அவர் இறங்கி, ஜனங்களை விலக்கி, வண்டியை ஒரு சந்துக்குள் திருப்ப வைத்தார்.

பிளாட்பாரத்தில் கமலம் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள். நான் ஸ்வெட்டரை நீட்டினேன்.

பிரித்துப் பார்த்தாள். ஒரு கை முழுசு. ஒரு கை அரைசு, நுனியில் ஊசி. தோளில் சிந்தூரம்.

"முடிக்க முடியலடி" என்றேன். அவ்வளவுதான் வந்தது. அழுதுவிட்டேன்.

புழுக்கமென்றால் அப்படிப் புழுக்கம். எல்லாரும் விசிறிக்கொண்டிருக்கிறார்கள். அவள் அங்கேயே, ஒன்பது கஜத்துக்கு மேலே, அதை மாட்டிக்கொண்டாள். பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டாள். கன கச்சிதமாக இருந்தது.

"ஏண்டி அழறே? டாக்டர் மார்பை மூடச் சொன்னார். மூடியாச்சு. எனக்கு இழுப்பு மார்புலதானே, முழங்கைலயா?"

போர்ட்டர்கூடத் திரும்பிப் பார்க்கிற மாதிரி நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே அழுதோம். இப்படி ஒருத்தி எனக்கு இனிமேல் எங்கே கிடைப்பாள்?

"பாக்கி நூல் எங்கேடி?"

"படிக்குள்ள..."

"தெரியும். அன்னிக்கு மாமி பாடறப்ப, படிக்குப் பின்னாடி அண்ணாவோட கால் கட்டைவிரல் தெரிஞ்சுது. எனக்காகத்தான் ஏதோ நடக்கறதுன்னு தோணித்து. பேசாம இருந்துட்டேன்."

மணி அடித்தார்கள். அவள் ஏறினாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "மீதி நூலைத் தபால்ல அனுப்பிடறேன், யாரையாவது விட்டு முடிச்சுக்கோ" என்றேன்.

"அனுப்பினியோ, திருப்பி அனுப்பிடுவேன்!" என்றாள் கமலம். நிஜமான கோபம். "நூல் உங்கிட்ட இருக்கட்டும், ஊசி எங்கிட்ட இருக்கட்டும். கார்த்திகைக்குள்ள நீயே டில்லிக்கு வந்து முடி. நீ வரவரைக்கும் நான் அரைக்கையோடதான் இருப்பேன், பார்த்துக்கோ!"

ரயில் நகர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே பச்சையாக ஒரு முழுக்கை ஆடிக்கொண்டே போயிற்று.

வீடு திரும்பும்போது ஒன்று நினைத்துக்கொண்டேன். ஆவணியிலேயே சமர்த்தாக அந்தக் கையை முடித்துக் கொடுத்திருந்தால், அவள் "ரொம்ப நன்னா இருக்குடி" என்று சொல்லிப் பெட்டியில் வைத்துக்கொண்டு போயிருப்பாள். நானும் கையசைத்துவிட்டு வந்திருப்பேன். அத்தோடு சரி. முடிக்காததால்தானே டில்லிக்கு எனக்கு ஒரு காரியம் கிடைத்தது? இதை அவரிடம் சொன்னேன். "உன் வாய்க்கு முன்னால யார் நிக்க முடியும்?" என்றார். ஆனால் மறுநாளே லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

கொலுவைக் கலைத்தாயிற்று. நாலாம் படியைத் திறந்து, முதல் வேலையாகப் பச்சை உருண்டையை எடுத்துப் பத்திரப்படுத்தினேன். பெட்டியை மூடிவிட்டேன், மற்றவற்றை யாரும் கேட்கவில்லை. கமலம் டில்லியில் சௌக்கியமாக இருக்கிறாளாம். பொத்தானைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறாளாம். இன்னும் இழுக்கவில்லை.

உருண்டையைப் பார்த்தால் அரைக் கைக்குப் போகக் கொஞ்சம் மிஞ்சும் போலிருக்கிறது. அத்தனை தூரம் ரயிலில் போகும்போது கை சும்மா இருக்குமா, சொல்லுங்கள்? அதில் கொஞ்சம் எடுத்து ஒரு மஃப்ளர் ஆரம்பித்திருக்கிறேன்.